சாவியை அணைத்த பிறகு

சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் இன்ஜின் ஓரிரு மூச்சு கூடுதலாக ஓடிவிட்டுத்தான் நின்றது. வேறு யாராக இருந்தாலும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். மெக்கானிக் மட்டும் குனிந்து இன்ஜின் பக்கம் காதைக் கொடுத்தான். புது பிஸ்டன், புது ரிங், புது கேஸ்கெட் என்று இன்ஜினின் மேல்பாதியை முழுசாகப் பிரித்துத் தன் கையாலேயே கட்டியவன் அவன். ஒரு நட்டைக்கூட அடுத்தவர் தொட விடவில்லை. அப்படியிருந்தும் அதே கோளாறு மறுபடியும் வந்து நிற்கிறதென்றால் என்ன அர்த்தம்?

அந்தக் கோளாறுதான் அவன் தம்பியைக் கொண்டுபோனது.

தம்பியை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பல் ஒன்று பாதி உடைந்துபோனதில், பேசினாலும் சிரித்தாலும், தூங்கும்போதுகூட, அவன் மூச்சு லேசாக விசிலடித்துக்கொண்டேதான் வரும். நீர்த்தேக்கத்தின் கரையோரம், பைக் போல உதைத்துக் கிளப்பி ஏறி உட்கார்ந்து ஓட்டும் இந்த நாலு சக்கர வண்டியில் சுற்றி வந்து பம்புசெட்டுகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. சரியான சேட்டைக்காரன். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினை அரைகுறையாக உதைத்தால் சில சமயம் அது தலைகீழாகச் சுற்றத் தொடங்கிவிடும். அப்போது முதல் கியர் போட்டால் வண்டி முன்னால் போகாமல் பின்னால் போகும். வேண்டுமென்றே அப்படி உதைத்து, பட்டறைக்கு வந்தவர்களை அலறியடித்து ஓடவைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பான்.

கடைசியாக அவன் வண்டியைப் பிரித்து மாட்டிக் கொடுத்தவர் மச்சான். மெக்கானிக்கின் மனைவிக்கு அண்ணன், பட்டறையில் கூட்டாளி. அதற்குப் பிறகுதான், சாவியை அணைத்தாலும் வண்டி உடனே நிற்கவில்லை என்று விசில் வந்து சொன்னான். ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார் மச்சான். சரியாகவில்லை. தானாக வேகமெடுத்த வண்டி கரையைத் தாண்டித் தண்ணீரில் போய் விழுந்தது. வண்டியை மீட்டார்கள். ஆள் கிடைக்கவில்லை.

வண்டியைத் தூக்கிய அன்றைக்கு முதலில் போய் நின்றவர் மச்சான்தான். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று அவசரப்பட்டவரும் அவர்தான். அன்றிலிருந்து மனிதர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். வண்டியைக் கட்டி முடித்து, குற்றம் யார் மேல் என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று மெக்கானிக் ஒற்றைக்காலில் நின்றான். குற்றம் மச்சான் மேல் என்று ஆகிவிட்டால் இந்த வீடு இரண்டாகிவிடும் என்பதும் அவனுக்குத் தெரியாததல்ல.

இந்த வாரம் சந்தேகத்துக்கு இன்னும் தீனி கிடைத்தது. காலையில் ஷெட்டைத் திறந்தால் வண்டிமேல் போர்த்திய தார்ப்பாய் விலகிக் கிடக்கும். தரையில் ஈரமான வெறுங்கால் தடங்கள். பெட்ரோல் வாடைக்கு அடியில் பாசி வாடை. மச்சான்தான் கள்ளச்சாவி போட்டு வந்து கைவைக்கிறார் என்று முடிவு கட்டி, வேறு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை இடுப்பிலேயே முடிந்துகொண்டான். மறுநாளும் தரை ஈரமாகத்தான் இருந்தது.

இன்றைக்குப் பொழுது சாயும்போது மழை பிடித்துக்கொண்டது. மெக்கானிக் ஷெட்டின் கதவை விரியத் திறந்து வைத்தான். வண்டியின் முகம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. பின்பக்கம் வாசல், அதற்கப்பால் நீர்த்தேக்கம்வரை இறங்கிப் போகும் சரிவு. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் ஓசைகூடக் கேட்கவில்லை. டூ-ஸ்ட்ரோக்கின் வயிற்றுக்குள் எங்கிருந்தாவது திருட்டுத்தனமாகக் காற்று நுழைந்தால்தான் இப்படி அணைத்த பிறகும் ஓடும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. கார்புரேட்டரைக் கழற்றினான். அதை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரின் வாயில் ஒரு கார்க்கை அடைத்தான். சைலன்சர் வாயையும் அடைத்தான். பிளக் ஒயரைப் பிடுங்கித் தொங்கவிட்டான். கைப்பம்பால் உள்ளே கொஞ்சம் காற்றை ஏற்றி, பம்பிலிருந்த அழுத்த மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

முள் நின்றது. இறங்கவே இல்லை.

அப்படியானால் ஓட்டை இல்லை. மச்சான் மேல் குற்றமில்லை. நிம்மதியா ஏமாற்றமா என்று அவனுக்கே புரியவில்லை. பம்பைக் கழற்றக் கையை நீட்டினான்.

முள் ஏறியது.

யாரும் பம்பைத் தொடவில்லை. மெதுவாக ஏறியது, கொஞ்சம் நின்றது, மெதுவாக இறங்கியது. மறுபடியும் ஏறியது. பம்பின் குழாயை விரலால் நசுக்கிப் பார்த்தான். குழாய் விரலுக்கு அடியில் புடைத்தது, தளர்ந்தது. மீட்டர் பழசு, ஸ்பிரிங் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சோப்புத் தண்ணீரை எடுத்து மூட்டு மூட்டாகத் தடவினான். ஹெட்டில் ஒன்றுமில்லை. சிலிண்டர் அடியில் ஒன்றுமில்லை. ரப்பரின் அடிப்பக்கம் ஒரு நுரைக்குமிழ் கிளம்பியது. எலுமிச்சையளவு வளர்ந்தது. உடையவில்லை. அப்படியே சுருங்கி உள்ளே போனது. போகும்போது ஒரு சத்தம். மிக லேசான விசில்.

கைவிளக்கை எடுத்து அடியில் பிடித்தான். ரப்பரில் நீளமாக ஒரு கீறல். கீறலின்மேல் கேஸ்கெட் பசை தடவி ஒட்டியிருந்தது. விரலால் வழித்த ரேகைகூடத் தெரிந்தது. பழைய ரப்பர் இது. போன வாரம் இவன் பொருத்தியது புத்தம்புதுசு. அதை யாரோ கழற்றி எடுத்துவிட்டு இதை மாட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! வண்டி ஓடக்கூடாது, அலுத்துப்போய் இவனே அதைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட வேண்டும் என்று நினைக்கிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தானே இருக்கிறார்.

குரல் கொடுத்தான். மச்சான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மனைவியும் வந்து வாசலோரம் நின்றாள்.

"இது நீங்க ஒட்டினதுதானே மச்சான்?"

அவர் வண்டியின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்துக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆமா மாப்ள. நான் ஒட்டினதுதான். புது ரப்பர் வர நாளாகும்னாங்க. விசிலும் வண்டி வேணும், வண்டி வேணும்னு உயிரை வாங்கினான். தாங்கிடும்னு நெனச்சேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளாகச் சந்தேகப்பட்டவனுக்கே அதைக் காதால் கேட்டபோது நெஞ்சு எரிந்தது. அடிக்கக் கை ஓங்கிவிட்டான். மச்சான் தடுக்கவில்லை. அவர் ரப்பரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா இது எப்படி இங்க வந்துச்சு? வண்டியத் தூக்கின அன்னைக்கே நான் இதக் கழட்டித் தண்ணியில வீசிட்டேனே மாப்ள."

ஓங்கிய கை இறங்கியது. மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். மேசைக்கு அடியில், இருட்டில், புது ரப்பர் கிடந்தது. அதை இறுக்க அவன் போட்ட கிளாம்ப் வளையம் முறுக்கியது முறுக்கியபடியே இருந்தது. கிளாம்பைத் தளர்த்தாமல் ஒருவராலும் அதைக் கழற்ற முடியாது.

பாசி வாடை குப்பென்று அடித்தது. வண்டியின் சீட் மெல்ல அமுங்கியது. அமுங்கிய இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

உதைக்கிற கிக்கர் பாதி இறங்கியது. தானாக. அரைகுறையாக.

இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கார்புரேட்டர் இல்லை. பெட்ரோல் இல்லை. பிளக் ஒயர் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அடைத்த கார்க்குகள் இரண்டும் தெறித்துச் சுவரில் அடித்தன. சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, சின்னதாக, ஒரு விசில்.

கியர் மிதி கிளிக்கென்று இறங்கியது.

முதல் கியர். சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. மழைக்கோட்டின் பெல்ட் செயினில் சிக்கியது. மச்சான் இழுபட்டார். கத்தக்கூட நேரமில்லை.

"என்னங்க, நிறுத்துங்க! எங்க அண்ணன்!"

நிறுத்தத் தெரியாதா அவனுக்கு? எந்த டூ-ஸ்ட்ரோக்கையும் நிறுத்த ஒரு வழி உண்டு. மூச்சை அடைக்க வேண்டும். தாவிப்போய் அந்த ரப்பர் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினான். இன்ஜின் திணறியது. விக்கியது. சக்கரம் நின்றது. மச்சான் தரையில் கிடந்தபடி பெல்ட்டைப் பிய்த்துக்கொள்ளப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பொத்திக்கொண்டிருந்தால் போதும். உள்ளே உறிஞ்சுகிற இழுப்பு உள்ளங்கையில் சில்லென்று ஏறியது. ஈரம். பிறகு உதடு. பிறகு பல். பாதி உடைந்த பல்.

"அண்ணே." விசிலோடு வந்தது குரல். "கைய எடுண்ணே. மூச்சு முட்டுது."

மெக்கானிக் மச்சானைப் பார்த்தான். அவர் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார், எடுக்க வேண்டாம் வேண்டாம் என்று.

கையை எடுத்தான்.

வண்டி பின்னால் பாய்ந்தது. வாசல். மழை. சரிவு. ஒரு அலறல், கீழே போகப் போகச் சின்னதாகி. பிறகு தண்ணீர் பிளக்கும் சத்தம். பிறகு அலறல் இல்லை.

மனைவி அண்ணன் போன திசையைப் பார்க்கவில்லை. கணவனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் பார்த்தான். உள்ளங்கையில் பல் பதிந்த தடம் வட்டமாக, ஈரமாக இருந்தது. முன்னால் ஓரிடத்தில் மட்டும் பாதிப் பல்.

மழை விட்டது. கூரை அமைதியானது. கீழே, இருட்டில், தண்ணீருக்கு அடியில், இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.