விட்ட இடத்திலிருந்து

அக்காவின் கை தார்ப்பாய்க்கு வெளியே கிடந்தது.

அதை உள்ளே எடுத்து வைத்து, ஓரத்தைச் செருகி, மேலே ஒரு செங்கல்லையும் வைத்துவிட்டுத்தான் அவள் முகம் கழுவப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் செங்கல் தள்ளிக் கிடக்கிறது. கை வெளியே. உள்ளங்கை மேலே பார்த்தபடி, மணிக்கட்டில் கறுப்பு ரிப்பனோடு, யாரிடமோ எதையோ நீட்டிக் கேட்பதுபோல.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தின் அந்தப் பெரிய கூடத்தில் ஜன்னல்கள் அத்தனையும் சாத்தியிருந்தன.

மறுபடி கையை உள்ளே வைத்தாள். சில்லென்றிருந்தது. கூடம் முழுக்கச் சேறும் பினாயிலும் நனைந்த சாக்கும் கலந்த வாடை. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் ஏதோ ஒரு பாய்மேல் விழுந்து, பட், பட் என்று விரலால் தட்டுவதுபோலக் கேட்டது. வரிசையாகப் பாய்கள். வரிசையாகத் தார்ப்பாய்கள். சொந்தக்காரர்களை வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். மேலிடத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை அழுகைக்கு அனுமதி இல்லை.

அவளை எல்லோரும் 'மைக்' என்றுதான் கூப்பிடுவார்கள். பேரிடர் முன்னேற்பாட்டு அலுவலகத்தில் அறிவிப்பு செய்கிற வேலை. ஆற்றை ஒட்டிய தெருக்களில் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகளில் கேட்பது அவள் குரல்தான். பள்ளிக்கூடத்திலேயே, கூடத்துக்கு எதிர் அறைதான் அலுவலகத்தின் கட்டுப்பாட்டு அறை. அங்கே இரும்புக் கம்பிக் கூண்டுக்குள், பூட்டுப் போட்டு, அந்தப் பெட்டி இருந்தது. அவள் பேசிப் பதிந்ததை ஒலிபரப்பும் பெட்டி. "கரண்ட் போனாலும் விட்ட இடத்த மறக்காது மேடம், வந்ததும் அங்கேருந்தே பிடிச்சுக்கும்" என்று விற்க வந்தவன் அதைத் தடவித் தடவிச் சொன்னான்.

மாதா மாதம் ஒத்திகை. மழையோ வெயிலோ, முன்னறிவிப்பே இல்லாமல் பெட்டி பேசும். 'இது ஒத்திகை. யாரும் பதற வேண்டாம்' என்று ஆரம்பிக்கும். கீழ்த்தெருவில் சிலருக்குப் பிணமாக நடிக்கிற வேலை. இறந்தவர் என்பதற்கு அடையாளமான கறுப்பு ரிப்பனைத் தாங்களே கட்டிக்கொண்டு, சொன்ன இடத்தில் படுத்துவிட வேண்டும். கடைசியில் 'ஒத்திகை முடிந்தது, எல்லோரும் எழுந்திருங்கள், வரிசையாக வந்து ரிப்பனை அவிழ்த்துக்கொள்ளுங்கள்' என்று அவள் குரல் சொன்ன பிறகுதான் எழுந்திருக்கலாம். எழுந்து அவள் மேஜைக்கு வந்து கையை நீட்டுவார்கள். அவள் அவிழ்த்துவிடுவாள்.

பிணமாகப் படுப்பதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது.

"சாகுறதுக்கும் ஒரு திறமை வேணும்டி. பக்கத்து வீட்டுக்காரி செத்த கையோட தும்முறா" என்பாள்.

ஒருமுறை கடைசி வாக்கியம் வருவதற்குள் பெட்டியை யாரோ நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் எழுந்து, டீ குடித்து, கலைந்தும் போய்விட்டார்கள். அக்கா மட்டும் தண்ணீர்த் தொட்டியடியில் கிடந்தாள். இவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது உதட்டை அசைக்காமல், பல்லிடுக்கில் சொன்னாள்: "சொல்லுடி. எறும்பு மேயுது."

"எழுந்து தொலையேன்க்கா."

"நீ சொல்லாம நான் எப்படிடி எழுந்திருக்கிறது? விளையாட்டுன்னாலும் ஒரு நியாயம் வேணாமா?"

அந்த வருடம் சிறந்த முன்னேற்பாட்டுக்கான கேடயம் இவர்கள் அலுவலகத்துக்குத்தான் கிடைத்தது. ஆபீசர் அதைத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் இருந்தவரிடம்தான் அவள் கேட்டாள்.

"சார், நிஜத்துக்குன்னு ஒண்ணு தனியா பேசிப் பதிஞ்சு வச்சிடலாமே? இருக்கிறது எல்லாமே ஒத்திகைன்னுதான் ஆரம்பிக்குது."

"வாயக் கழுவும்மா. 'வெள்ளம் வந்துடுச்சு'ன்னு பேசிப் பொட்டிக்குள்ள பூட்டி வச்சா, வாய் முகூர்த்தம் பலிச்சுடும். வந்தா அப்பப் பாத்துக்கலாம்."

வந்தது. அப்போது பார்த்துக்கொள்ள நேரம் இருக்கவில்லை. மேலே ஏரிக்கரை உடைந்ததாகத் தகவல் வந்ததும் ஆபீசர் பெட்டியைத் தட்டினார். இது ஒத்திகை, யாரும் பதற வேண்டாம் என்றது பெட்டி. "நானே நேரடியா மைக்ல சொல்லிடறேன் சார்" என்று அவள் கெஞ்சினாள். "நீ பதறிப் பேசினா ஜனம் மிரண்டுடும். பதிவே ஓடட்டும்" என்றார். ஓடியது. கடைசி வாக்கியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போனது.

கீழ்த்தெருவில் ஒருவரும் பதறவில்லை.

அக்காவைத் தூக்கி வந்த தீயணைப்புக்காரர் அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரும்மா இவங்களுக்கு ரிப்பன் கட்டினது? நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே."

கூடத்தில் இன்னும் சிலர் கையிலும் அதே ரிப்பன் இருந்தது. எல்லோரும் அவரவர் இடத்தில், மல்லாந்து, கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே கிடந்தார்களாம்.

இப்போது சாயங்காலம். மழை இருட்டு. கட்டுப்பாட்டு அறைக் கூண்டுக்குள் பெட்டியின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஏதோ சின்ன பேட்டரியில் உயிரை வைத்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லக் காத்திருந்தது.

வாசலில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த ஆபீசரிடம் போனாள்.

"சார், கூண்டுச் சாவி வேணும்."

"எதுக்கு?"

"கரண்ட் வந்தா மிச்சம் ஓடும் சார். 'எழுந்திருங்க'ன்னு என் குரல்தான் கேக்கும். கேட்டுல நிக்கிறாங்களே, அவங்க காதுல விழுந்தா..."

"அதுல கை வைக்காத. விசாரணைன்னு வந்தா அந்தப் பொட்டிதான் பேசும். எச்சரிக்கை குடுத்தோமா? குடுத்தோம். யாருக்குக் காது இல்லையோ அதுக்கு நாம பொறுப்பா?" குடையை விரித்தார். "உங்கக்கா விஷயம் எனக்கும் வருத்தம்தாம்மா. அழுத முகத்தோட நிக்காத, வர்றவங்க என்ன நெனப்பாங்க."

அவர் சாலைப் பக்கம் இறங்கிப் போனார். வாசல் சுவரில் சாய்த்த ஏணியிலிருந்து லைன்மேன் குனிந்து பார்த்தார்.

"என்ன மைக்கு, சாவி தரலியா? அவரு சாவிய விட்டாலும் நாற்காலிய விட மாட்டாரு."

"கரண்ட் எப்பண்ணே வரும்?"

"நாம கூப்பிட்டா வராது. மேலிடம் வந்தா ஓடி வந்துடும். இந்தா, டிரான்ஸ்பார்மருக்குத்தான் போறேன்." இறங்கி வந்து, ஒயர் வெட்டும் கட்டிங் பிளேயரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தார். "இத இங்க மறந்து வச்சிட்டுப் போறேன். நான் எதையும் பாக்கல."

அவர் செருப்புச் சத்தம் சேற்றில் தேய்ந்து மறைந்தது.

அவள் கூண்டின் முன்னால் மண்டியிட்டாள். கம்பியிடுக்கில் கையை நுழைத்தாள். துரு முழங்கையைக் கீறியது. பெட்டிக்குப் பின்னால் தடித்த கறுப்பு ஒயர். பிளேயரின் வாயை அதன்மேல் வைத்து அழுத்தப் போனவள், நிறுத்தினாள்.

சொட்டுச் சத்தம் நின்றிருந்தது.

மழை பெய்துகொண்டுதான் இருந்தது. கூரை ஓடும் ஒழுகிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் எதிர்க் கூடத்தில், இவ்வளவு நேரமாகப் பாய்மேல் விழுந்துகொண்டிருந்த அந்த பட், பட் இல்லை. விரலால் தட்டிக்கொண்டிருந்தவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டதுபோல ஒரு நிசப்தம்.

பிறகு, தார்ப்பாய் சரசரத்தது.

அவள் திரும்பவில்லை.

உதடு அசையாமல், பல்லிடுக்கில் வரும் குரல்.

"சொல்லுடி."

ஒயர் பிளேயரின் வாயில் இருந்தது. ஒரு அழுத்து. போதும். அத்தோடு முடிந்தது. ஆனால் வெட்டிவிட்டால் அக்கா அப்படியே கிடப்பாள். நியாயக்காரி. இவள் சொல்லும்வரை கிடப்பாள். மண்ணுக்குள் வைத்தாலும் கிடப்பாள். எறும்பு மேயும்.

"சொல்லேண்டி."

"அக்கா..." என்றாள். விரல்கள் தளர்ந்தன.

விளக்குகள் எரிந்தன.

தலைக்கு மேலே டியூப்லைட் படபடத்தது. பெட்டி தொண்டையைச் செருமியது. தேன் மாதிரிக் குரல். அவள் குரல்.

"ஒத்திகை முடிந்தது. எல்லோரும் எழுந்திருங்கள். வரிசையாக வந்து ரிப்பனை அவிழ்த்துக்கொள்ளுங்கள்."

கம்பத்துக்குக் கம்பம் அது பரவியது. கீழ்த்தெருவில் ஒலிபெருக்கிகள் இன்னும் தண்ணீருக்கு அடியில். அங்கேயும் கேட்டது. கொழகொழவென்று, குமிழி விட்டு. எழுந்திருங்கள். எழுந்திருங்கள்.

கூடத்தில் தார்ப்பாய்கள் விழுந்தன. ஒன்று. அடுத்து ஒன்று. அவசரமில்லை. தள்ளுமுள்ளு இல்லை. நன்றாகப் பழக்கப்பட்டவர்கள்.

ஈரக் கால்கள் நடையைக் கடந்தன.

கேட்டுப் பக்கம் ஒரு அலறல். பிறகு பல. ஓடும் காலடிகள். அப்புறம் அங்கே யாரும் இல்லை.

அவள் எப்படியோ மேஜைக்கு வந்திருந்தாள். அவளுக்கும் பழக்கம்தான். நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே, விளக்கு வெளிச்சத்தில், பள்ளிக்கூடச் சரிவுக்குக் கீழே பழுப்புத் தண்ணீர் கலங்கியது. ஒரு தலை. பின்னால் ஒரு தலை. இன்னும் யாரும் தேடிக் கண்டுபிடிக்காதவர்கள். கரையேறினார்கள். வரிசையில் நின்றார்கள்.

மேஜை விளிம்பில் தண்ணீர் சொட்டியது.

அக்கா கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி. காதோரம் சேறு. கண்கள் திறந்திருந்தன. அவள் முடிச்சைப் பற்றி இழுத்தாள். நகத்தால் நெம்பினாள். பல்லால் கடித்தாள். வாயெல்லாம் ஆற்று மண். வெள்ளத்தில் ஊறி இறுகிய முடிச்சு அசையவில்லை.

அக்கா கையை எடுக்கவில்லை. காத்திருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் அடுத்த கை. அதற்குப் பின்னால் அடுத்தது. நடை முழுக்க, முற்றம் முழுக்க, தண்ணீர் வரைக்கும் நீட்டிய கைகள்.

கூண்டுக்குள் பெட்டி ஒரு கணம் மூச்சு வாங்கிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தது.

"இது ஒத்திகை. யாரும் பதற வேண்டாம்."