அடாமியில் எண்ணெய்க் குளியல்!

"ஐயோ... என் மாலை!"

ஹஸ்னா பானுவின் அலறலில் சங்கரன்கோவில் புதுமனைத் தெருவே விழித்துக்கொண்டது.

பீரோ திறந்து கிடந்தது. அடுத்த வாரம் நிக்காஹ். மாப்பிள்ளை தாஹா ஜப்பானிலிருந்து அனுப்பிய முத்துமாலையைக் காணோம்!

இன்ஸ்பெக்டர் ரெபேக்காளை வாசலிலேயே வழிமறித்தான் ஹஸ்னாவின் மாமன் மகன் கபீர்.

"எடுத்தது தாஹாதான் மேடம்! விடியக்காலம் பின்சுவர் ஏறிக் குதிச்சத என் கண்ணால பாத்தேன். கல்யாணம் புடிக்காம, குடுத்தத திருப்பி எடுத்துட்டு ஓடிட்டான்!"

"அவரு ஜப்பான்லல்லா இருக்காரு மச்சான்!" தேம்பினாள் ஹஸ்னா.

"இருக்கேன்னு சொல்லுதான்... நீயும் நம்புத!"

ரெபேக்காள் போன வருஷம்தான் தங்கையைப் பார்க்க ஜப்பான் போய்வந்தவர். அவரை ஏமாற்ற முடியுமா?

"வீடியோ கால் போடும்மா."

போட்டாள்.

திரை நிறைய ஆவி... நடுவில் கழுத்துவரை வெந்நீரில் தாஹா! தலையில் நல்லெண்ணெய் வழிய, நனைந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்ஸ்பெக்டர் பேசுதேன். எங்க இருக்கீங்க?"

"அடாமில மேடம்! கடலோர ஊரு. ஹோட்டல் மொட்டமாடில வெந்நீர் ஊத்து. இந்தத் தண்ணிய அந்தக் காலத்துல பீப்பாயில அடைச்சு, ஜப்பான ஆண்ட ஷோகன் அரண்மனைக்கே சுமந்துட்டுப் போனாங்களாம்!"

"குன்று மேல கோட்டை இருக்கே... எந்த ராஜா ஆண்டான்?"

"ஒருத்தனும் ஆளல! டூரிஸ்ட்டுக்காகவே கட்டுன கோட்டை. நேத்து கடல் மேல வாணவேடிக்கை விட்டாங்க பாருங்க... ஹஸ்னா பக்கத்துல இல்லையேன்னு இருந்திச்சு!"

அழுகைக்கு நடுவிலும் ஹஸ்னாவுக்கு வெட்கம் வந்தது.

"நெட்டுல படிச்சா நானும் சொல்லுவேன்!" ரெபேக்காள் சீறினார். "அந்த ஊர்ல சோப்பு போட்டுக் குளிச்சாத்தான் தொட்டியில எறங்கவே விடுவான். துண்டு தண்ணில படப்படாது. போன் ஆகவே ஆகாது. நீங்க குற்றாலத்துக்குப் போற மாதிரி எண்ணெயோடல்லா எறங்கியிருக்கீங்க! இது எந்தச் சாயப்பட்டறைத் தொட்டி? சிவகிரியா?"

"சனிக்கெழமைல்லா மேடம்... எண்ணெ தேய்க்காம எப்படி?"

"கரெக்டா புடிச்சீங்க மேடம்!" துள்ளினான் கபீர்.

ஹஸ்னாவின் முகம் இருண்டது. அவ்வளவுதானா... கல்யாணம்?

அப்போது...

திரைக்குள் ஓர் அலறல்! சீருடை போட்ட ஜப்பானியர் ஒருவர் ஓடிவந்தார். மிதக்கும் எண்ணெயைக் காட்டிக் கத்தினார். துண்டைப் பிடுங்கினார். போனையும் பிடுங்கினார். படம் சுழன்றது... நீலக் கடல்... குன்றின் மேல் வெள்ளைக் கோட்டை... கீழே பறக்கும் புல்லட் ரயில்!

ரெபேக்காள் வாயைப் பிளந்தார்.

"அடாமியேதான்! நான் நின்னு போட்டோ எடுத்த கோட்டை!"

மெல்லக் கபீர் பக்கம் திரும்பினார்.

"தாஹா அங்கன இருக்காரு. அப்போ விடியக்காலம் உன் கண்ணு பாத்தது... யாரலே?"

கபீர் ஓட்டமெடுத்தான். வாசலில் கான்ஸ்டபிள் இசக்கிராஜா காலை நீட்டினார்... தொபுக்கடீர்! சட்டைக்குள்ளிருந்து முத்துமாலை எட்டிப் பார்த்தது.

"ஹஸ்னா எனக்குத்தான்னு இருந்தேன் மேடம்... கல்யாணம் நின்னா போதும்னு..."

"மிச்சத்த ஸ்டேஷன்ல சொல்லு!"

ஹஸ்னா போனுக்குப் பாய்ந்தாள். பிடுங்கிய போனைத் தொட்டியோரம் வீசிவிட்டுப் போயிருந்தார் போல; திரையில் வானம் மட்டும் தெரிந்தது.

"ஏங்க... மாலை கெடைச்சிட்டு! சீக்கிரம் கெளம்பி வாங்க!"

தொட்டிக்குள்ளிருந்து குரல் மட்டும் பரிதாபமாக வந்தது.

"எப்படி வர ஹஸ்னா? துண்டப் புடுங்கிட்டுப் போயிட்டான்... மேடத்துக்கிட்ட சொல்லி, மொதல்ல இந்த ஹோட்டல்காரன எனக்கு ஒரு சாரமோ கைலியோ கட்டக் குடுக்கச் சொல்லு!"