மாற்றுக்காலில் பற்றவைத்த டோன்

"காங், என் கிடாரைக் கொன்னுட்டாங்க!"

டையாஃபி கதவைத் தட்டவில்லை. கதவோடு உள்ளே வந்தாள். ஊரே 'காங்', அதாவது அக்கா, என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பிடாலின், வாயிலிருந்த பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றினார். ஷில்லாங்கில் ஆள் செத்தால்கூட இவ்வளவு வேகமாக ஓடிவர மாட்டார்கள்.

"சாயங்காலம் போட்டி. ஜெயிச்சாத்தான் என் பாட்டை ஆல்பமா போடுவாங்க. நேத்து வரைக்கும் கத்தி மாதிரி இருந்த சத்தம், இன்னிக்குப் போர்வைக்குள்ள இருந்து வருது."

"அந்தக் கிடார் ரிப்பேர்காரன் லாம்போக்தான்! சந்தேகமே இல்ல!" என்றான் வான்போர், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. தொழிலால் டிரம்மர், காங்கின் உதவியாளன் என்பது அவனே எடுத்துக்கொண்ட பதவி. அவன் சட்டையில் முகமூடிக்காரனின் படம். யாரும் முகம் பார்த்திராத அந்தக் கிடார் சூரன்தான் இன்று டையாவின் எதிராளி.

"ராத்திரி கிடார் எங்க இருந்துச்சு?"

"சர்ச் பாட்டு அறையில. மின்சார கிடார் பிசாசோட வயித்து இரைச்சல்னு மாமா புடுங்கிப் பூட்டிட்டாரு. காலையில சாவி வாங்கி லாம்போக்தான் எடுத்துத் தந்தான்."

காங் கிடாரை ஒலிபெருக்கியில் செருகினார். சத்தத்தைத் தெளிவாக்கும் டோன் திருகு வழக்கம்போல் உச்சமான பத்தில் இருந்தது. சத்தம் மழுங்கலாக வந்தது. திருகைக் கீழே இறக்கினார். இன்னும் மழுங்க வேண்டிய சத்தம் தெளிந்தது. வான்போரின் வாய் திறந்தது, நெடுநேரம் மூடவில்லை.

உள்மூடியைக் கழற்றினார். ஈயப்பற்றுகள் புதுசாக மின்னின. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பழைய பிக்கப்பைக் காணோம். அதன் இடத்தில் ஒரு மலிவுச் சரக்கு. டோன் திருகும் புதுசு.

"பிக்கப்பைத் திருடிட்டாங்க!" டையா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூவரும் சர்ச்சுக்குப் போனார்கள். பாட்டு அறையில் லாம்போக்கும், பாடற்குழு ஆசிரியரான மாமா கிர்ஷானும் இருந்தார்கள். காங் இருவரின் வலது கையையும் குலுக்கினார்.

"மாஸ்டர், நீங்க கிடார் வாசிப்பீங்களா?"

"நானா? பியானோ மட்டும்தான். அந்தச் சனியனை நான் தொட்டதே இல்ல."

"விலங்கை மாட்டிரவா காங்?" வான்போர் லாம்போக்கின் காலரைப் பிடித்திருந்தான். விலங்கு அவனிடம் இல்லை.

"விடுப்பா அவனை. டோன் திருகுக்கு மூணு கால். ஓரத்துல இருக்கிற ரெண்டுல எந்தக் கால்ல கம்பியைப் பத்தவைக்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் எந்தப் பக்கம் திருப்பினா சத்தம் தெளியும்ங்கிறது. இடதுகைக்காரங்க கிடாரையே திருப்பிப் பிடிக்கிறதால, கம்பியையும் மாத்துக்கால்ல பத்தவைப்பாங்க. நம்ம திருடர் அவசரத்துல கை பழகினபடியே வச்சுட்டாரு."

"நான் வலதுகைக்காரன்!" லாம்போக் அலறினான்.

"தெரியும். தந்தியை அழுத்துற கையோட விரல் நுனிதான் காய்ச்சுப் போகும். உனக்கு வலது விரல் பூ மாதிரி இருக்கு. தந்தியை வலது கையால அழுத்துறவர் இடதுகைக்காரர். வலது விரல் நுனியெல்லாம் காய்ச்சுப்போன ஒரே ஆள், கிடாரையே தொடாத மாஸ்டர்தான். பியானோ வாசிச்சா விரல் காய்க்காது."

மாமா எழுந்துபோய் அங்கி அலமாரியைத் திறந்தார். வெள்ளை அங்கிகளுக்கு நடுவே ஓர் இடதுகைக் கிடார். அதன் தலையில் முகமூடி.

வான்போர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டான்.

"மாமா... நீங்களா?" டையா அலமாரியருகே வந்தாள்.

"உன்னைக் கெடுக்கணும்னு இல்லம்மா. அந்தச் சத்தம்... ஒரு ராத்திரி அது என் கையில இருக்கணும்னு தோணிடுச்சு. பழைய திருகையும் சேர்த்துக் கழட்டிட்டேன். இப்பவே திருப்பி மாட்டிடறேன்."

"நீங்க மாட்டவேணாம். மறுபடியும் தலைகீழாத்தான் வரும். லாம்போக் மாட்டட்டும்." டையா முகமூடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஆனா சாயங்காலம் நீங்க வாசிக்கணும் மாமா. இது இல்லாம."

வாசித்தார். முன்வரிசையில் மொத்தப் பாடற்குழுவும் மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தது. ஆல்பம் டையாவுக்குக் கிடைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு எல்லோரும் கிடாரோடு வந்தார்கள். மாமா யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை.