மறுமுறை வர வேண்டியதில்லை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்... காதல் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய ஒரு மாபெரும் காதல், சொத்தைப் பல் ஒன்றின் படத்தில் தொடங்கியது.

கேமரா, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை அது. கல்லாவில் அக்கா, மேசையில் தம்பி. மேசைக்கு மேலே தம்பி தன் கைப்பட எழுதி மாட்டிய பலகை: 'இங்கு ஒருமுறை வந்தவர் மறுமுறை வர வேண்டியதில்லை.' உத்தரவாதம் என்று நினைத்துத்தான் எழுதினான். ஆளை விரட்டுவதுபோல இருக்கிறதென்று அக்கா சொல்லிப் பார்த்தாள். மேதைகள் யார் பேச்சைக் கேட்டார்கள்?

வெளியே மழை. குடையை மடக்கிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். இமையில் ஒரு துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவனும்தான்.

"மெமரி கார்டுல புதுசா எதுவும் ஏற மாட்டேங்குது சார். பழசை அழிக்கவும் முடியல."

நாடி பிடிக்கும் வைத்தியன்போலக் கார்டை வாங்கினான். முனைகளை ரப்பரால் தேய்த்தான். ரீடரை மாற்றிச் செருகினான். திரை முழுக்க ஒரு கடைவாய்ப்பல் விரிந்தது.

"உங்க... குடும்பப் படமா?"

"பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறேன். வர்றவங்க வாயைப் படம் எடுக்கணும்."

"எல்லாரும் இப்படித்தான் ஆன்னு திறந்துட்டு இருப்பாங்களா?"

"இப்ப நீங்க இருக்கற மாதிரிதான்."

வாயை மூடிக்கொண்டான்.

அந்த மாதிரிக் கார்டின் ஓரத்தில் எறும்புத் தலை அளவுக்கு ஒரு பூட்டு உண்டு. அது கீழே இறங்கிவிட்டால் கார்டு எதையும் ஏற்காது. இறங்கியிருந்தது. மேலே தள்ளினான், தீர்ந்தது நோய்.

"ரொம்பச் சிக்கலான கேஸ்ங்க" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் வந்தாள். அதே பூட்டு. அதற்கடுத்த வாரமும்...

"அதெப்படிங்க தானா இறங்குது?"

"அது உங்களுக்குத்தானே தெரியணும்..." அவள் கண்கள் சிரித்தன. அவன் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், மூணாவது தடவை வந்திருக்காங்க. போர்டை இறக்கிடலாமா?" கல்லாவிலிருந்து அக்கா.

வந்ததே ரோஷம்! பூட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த நீல அழுக்கை ஸ்பிரிட்டால் துடைத்தான். பூட்டை மேலே தள்ளி, ஒரு சொட்டுப் பசை விட்டான்.

"இனிமே இந்த ஜென்மத்துல நீங்க இங்க வரவே வேண்டாம்!"

அவள் பலகையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நல்லா... ஒட்டிட்டீங்க சார்."

குடையை விரிக்காமலே மழையில் இறங்கிப் போனாள்.

அப்புறம் வரவேயில்லை. அவன் வேலை அவ்வளவு சுத்தம். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தான். பிரிண்டர் வந்தது. கீபோர்டு வந்தது. அவள் மட்டும்...

"ஏன்டா பல் வலிக்காரன் மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?"

"அந்தக் கார்டுப் பொண்ணு... வரவே இல்லக்கா."

"நீதானே வராதேன்னு ஒட்டி அனுப்பின? சரி, பூட்டுல ஏதோ அழுக்குன்னு தொடைச்சியே, என்ன கலர்?"

"நீலம்."

"அவ நகப்பூச்சு என்ன கலர்?"

அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

"மக்கு! உன்னைப் பாக்கணும்னு அவ பூட்டைத் தள்ளினா. நீ அவளையே தள்ளி விட்டுட்ட!"

பலகையைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, பில் புத்தகத்தில் அவள் தந்திருந்த முகவரிக்கு ஓடினான். ஆனால் பல் மருத்துவமனையில் பல்லைத் தவிர வேறு காரணத்துக்காக யாரையும் உள்ளே விடுவதில்லை. "வலிக்குது" என்றான். பொய்யும் இல்லை. நாற்காலியில் சாய்த்தார்கள். கேமராவோடு வந்தாள் அவள். அதே நீல நகங்கள்.

"வாயைத் திறங்க சார்."

"நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"திறந்துட்டுச் சொல்லுங்க."

"ஆ... ஆஆ... ஆ."

"புரியல."

வாய்க்குள் விட்டிருந்த சின்னக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "போர்டைக் கழட்டிட்டேங்க. கார்டு கெடாமலே வாங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... பசை போட்ட பிறகுதான் தெரிஞ்சுது."

அவள் கேமராவை இறக்கினாள். இமையில் ஒரு துளி. இம்முறை மழை இல்லை.

"அந்தப் பூட்டைத் தள்ளித் தள்ளி எனக்கு ரெண்டு நகம் உடைஞ்சுது, தெரியுமா? அது போகட்டும்... வேற கார்டு வாங்கிட்டேன். அதுலயும் பூட்டு இருக்கு."

அவன் சிரித்தான். வாய் நிறைய, காது வரைக்கும். அந்தச் சிரிப்பை அப்படியே படம் எடுத்தாள்.

டாக்டரம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, சொத்தையாகியிருந்த கீழ்வரிசைக் கடைசிப் பல்லைப் பிடுங்கினார்.