ஓசை குடிக்கும் பஞ்சு

கை தட்டினால் ஓசை திரும்பி வரக்கூடாது என்று தம்பி சொல்லியிருந்தான். செவந்தி அறையின் நடுவில் நின்று ஓங்கி ஒருமுறை தட்டினாள். திரும்பி வரவில்லை. சுவர் முழுக்கத் தொங்கிய பஞ்சுச் சாக்குகள் அதை அப்படியே குடித்துவிட்டன. ஆனால் அவள் கையைக் கீழே போட்ட பிறகு, வடக்குச் சுவரிலிருந்து மெத்தென்று ஒரு தட்டுக் கேட்டது. கையோடு கை தட்டியதல்ல. உள்ளங்கை மார்பில் விழும் சத்தம். இழவு வீடுகளில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அது தெரியாதா?

எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆலங்குடிப் பக்கம் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்குச் செவந்திக்குத்தான் ஆள் வரும். அவள் குரலெடுத்தால், பங்காளிப் பகையில் முகம் திருப்பி நின்றவனும் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வான். பினாங்கிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டரோடு திரும்பிய தம்பி கண்ணுசாமி, அக்கா பாட்டு மண்ணோடு போகக்கூடாது, வீட்டிலேயே வைத்துப் பதிந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடலாமா? தெருவே திரண்டு வந்து கேட்காதா என்றாள் செவந்தி. ஒரு முனகல்கூட வெளியே போகாதபடி அறையை அடைத்துவிடுகிறேன் என்றான்.

அதற்கு அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. பட்டணத்துத் தக்கைப் பலகை கட்டுப்படியாகவில்லை. கடலைச் சாக்கை மாட்டிப் பார்த்தான்; குரல் அதன் கண் வழியாக ஒழுகியது. தேங்காய் நாரைத் திணித்தான். எதிரொலி அடங்கியதே தவிர, தெருவுக்குப் போகிற சத்தம் நிற்கவில்லை. இலவம்பஞ்சைக் கனமாக அடைத்தால்தான் ஆகும், அவ்வளவு பஞ்சுக்கு எங்கே போவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் வண்டி நிறையப் பஞ்சோடு வந்து நின்றான். யாரோ தோப்புக்காரர் கழித்துப் போட்டது, சல்லிசாகக் கிடைத்தது என்றான். அக்காவைத் தொடவிடவில்லை. தூசி தொண்டையைக் கெடுத்துவிடும் என்று, கதவைச் சாத்திக்கொண்டு தானே அடைத்துத் தைத்தான்.

செவந்தி அவனிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். இழவு வீட்டுத் துரும்புகூட இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. மகள் காத்தாயி பிறந்ததிலிருந்து, எந்தச் சாவுக்குப் போனாலும் குளத்தில் தலை முழுகி ஈரச்சேலையோடுதான் அவள் வாசல் மிதிப்பாள். அதற்கு முன்னால் பிள்ளை ஓடிவந்தாலும் தொடமாட்டாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அந்த ஒன்றுதானே மிச்சம். கண்ணுசாமி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். மிஞ்சிய பஞ்சில் மருமகளுக்கு ஒரு மெத்தையும் தைத்துப் போட்டான். தாய்மாமன் சீர் என்று செவந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிலிருந்துதான் காத்தாயிக்குத் தொண்டை கட்டியது. ஓயாமல் வாயாடுகிறவள், தூக்கத்தில்கூடப் பேசுகிறவள், நாளுக்கு நாள் குரல் தேய்ந்து கிசுகிசுக்க ஆரம்பித்தாள். சளிதான் என்று செவந்தி மிளகுப்பால் கொடுத்தாள்.

பாட்டைப் பதிந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். காத்தாயி கூடத்தில் மெத்தையில் சுருண்டு தூங்கினாள். பஞ்சறைக் கதவைச் சாத்தியதும் காக்கைச் சத்தமும் தெருக்கோடி மாவு மில்லின் கடகடப்பும் அறுந்துபோய், காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற இரைச்சலும், சாக்குகளிலிருந்து கசிந்த வேப்பிலையும் தைலமும் பழைய வேர்வையும் கலந்த வாடையும் மட்டும் மிஞ்ச, செவந்தி கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தாள். மரத்தில் காய்த்த பஞ்சில் தைலம் எதற்கு வீசுகிறது என்று அப்போதுதான் தோன்றியது.

கண்ணுசாமி டேப்பைத் திருப்பி ஓடவிட்டான்.

அவள் குரல் வந்தது. அவள் மூச்சு வாங்கிய இடத்தில் வேறு குரல்கள் வந்தன. கிழவிகள். தோளோடு தோள் கட்டி அழுகிற பெண்கள். கூடவே மாரடிக்கும் சத்தம். மெத்து. மெத்து.

செவந்தி வடக்குச் சுவர்ச் சாக்கின் தையலைப் பிய்த்து உள்ளே கைவிட்டாள். பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. விரலில் ஏதோ சிக்கியது. இழுத்தாள். மஞ்சள் துணி ஒட்டு. பச்சை நூல் தையல்.

வல்லத்திராக்கோட்டையில் ஆவுடையப்பனின் பெண்டாட்டி செத்துக் கிடந்த மெத்தையில் இருந்த ஒட்டு. அதன் ஓரத்தில் உட்கார்ந்துதான் அவள் அழுதாள். அந்த மெத்தை சுடுகாட்டுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

"எங்கிட்டுப் போய் வாங்குனடா இதை?"

கண்ணுசாமி டேப்பை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "எரிக்கத்தானேக்கா போட்டிருந்தாங்க. சுத்துப்பட்டுச் சுடுகாட்டுல எல்லாம் சொல்லிவச்சு எடுத்தேன். பஞ்சுக்கு என்ன தெரியும்?"

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவள் கையில் அடித்த கை. செவந்தி கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை மெத்தை? அதுவுமாடா?"

"அதுக்கு நல்ல பஞ்சாப் பாத்துத்தான்க்கா எடுத்தேன்."

அப்போது டேப்பில் புதிதாக ஒரு குரல் சேர்ந்தது. சின்னக் குரல். கட்டவில்லை, தேயவில்லை. கணீரென்று இருந்தது. கிழவிகள் ஓர் அடி சொன்னார்கள். அது திருப்பிச் சொன்னது. இன்னோர் அடி. அதையும் சொன்னது. நடுவில் ஒருமுறை, "ஆத்தா" என்றது.

செவந்தி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

காத்தாயி மெத்தையில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் ஆவென்று பிளந்திருந்தது. அலறுகிறாள். சத்தம் இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

குளிக்கவில்லை என்பது நினைவில் இல்லை. கையில் மஞ்சள் ஒட்டு இன்னும் இருப்பதும் தெரியவில்லை. பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்தாள். பஞ்சறையில் அந்தக் கணீர்க் குரல் அடுத்த அடிக்குப் போனது. அணைப்புக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை மெல்ல உயர்ந்தது.

பாட்டுக்குச் சரியாக, தாயின் மார்பில் அடிக்கத் தொடங்கியது. மெத்து. மெத்து.