காயாத சுவர்

சுவர் முழுவதும் காய்ந்துவிட்டது. அந்த ஒரு சாண் இடம் மட்டும் காயவில்லை.

வைகாசி வெயிலில் ஆற்றுமணல் கொதித்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்த பழைய சத்திரத்தில் இடித்துக் கட்டிய வடக்குச் சுவருக்கு முன்னால் முனிசிபாலிட்டி ஓவர்சியர் நேசையா நின்றார். பூசி ஒன்பது நாளாகிறது. மேலும் கீழும் சுண்ணாம்பு வெளுத்துப்போயிருக்க, அவருடைய இடுப்புயரத்தில் நேற்றுப் பூசியதுபோல ஓர் ஈரம் கறுத்துக் கிடந்தது.

"ஆத்து ஈரம் ஏறுதோ வே?" என்றார்.

"ஆத்து ஈரம்னா அடியில இருந்துல்லா ஏறும், அய்யா," என்றார் இசக்கியப்பன் கொத்தனார். "இது உள்ள இருந்து வருது. தொட்டுப் பாருங்க, சூடா வேற இருக்கு."

நேசையா தொட்டுப் பார்த்தார். சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. பதினோரு நாளாக அவருக்கு எதுவுமே உறைப்பதில்லை. மனைவி சாரம்மாள் சோற்றில் உப்புப் போட்டாளா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். ஏழு வயது மகள் யூனிஸைப் பேதி கொண்டுபோய் மூன்றாம் நாளே மனுஷன் வேலைக்கு வந்து நிற்கிறாரே என்று பாளையங்கோட்டை முழுக்க அவரை வாயில் போட்டு மென்றது. மெல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

"திங்கக்கிழமை கலெக்டர் துரை வாராரு," என்றார் இசக்கியப்பன். "இடிச்சுப் பாத்துருவமா?"

"வேண்டாம்."

யோசிக்காமல் வந்த பதில். ஏன் வேண்டாம் என்று கொத்தனார் கேட்கவில்லை. அதுதான் நேசையாவுக்கு என்னவோபோல் இருந்தது.

அந்தக் காலத்துச் சுவர்கள் இரட்டைச் சுவர்கள். முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை, நடுவில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. அதற்குள் ஒருவன் இறங்கி நின்று கல்லும் சாந்தும் திணித்து ஏறி வருவான். கடைசிச் செங்கலை வைக்கும் முன்பு, சாந்து பூசும் கரணையின் பிடியால் சுவரை மூன்று தட்டுத் தட்டிக் கேட்பது வழக்கம். உள்ளே ஆள் இருந்தால் திருப்பி மூன்று தட்டுவான். சத்தம் வராவிட்டால், "ஆள் இல்லை, மூடு" என்று ஓவர்சியர் சொல்ல வேண்டும். அவர் வாயால் சொன்னால்தான் மூடுவார்கள்.

யூனிஸ் ஒருநாள் வேலையிடத்தில் நின்று இதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டுக் கதவிலும் அதே விளையாட்டுதான். அப்பா வெளியே மூன்று தட்ட வேண்டும், அவள் உள்ளே மூன்று தட்டிவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுப்பாள்.

ஆட்கள் கஞ்சி குடிக்க ஆற்றோர மருத நிழலுக்குப் போனார்கள். நேசையா மட்டும் சத்திரத்துக்குள் இருந்தார். வௌவால் எச்சமும் புளித்த கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சுண்ணாம்பும் கலந்த வாடை உச்சிவெயிலில் தடித்து மூக்கை அடைத்தது. தூண்களின் நிழல்கள் தூண்களுக்கு அடியிலேயே சுருங்கிக் கிடந்தன. ஆற்றுச் சத்தம்கூட, யாரோ கையால் பொத்திவிட்டதுபோல, நின்றுபோயிருந்தது. அந்த அமைதியில்தான் ஈரம் கசிகிற சத்தம் கேட்டது. சொட்டுச் சொட்டாக அல்ல. மூச்சு விடுவதுபோல.

அவர் கரணையை எடுத்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. பிடியால் தட்டினார்.

மூன்று தட்டு.

எதுவுமில்லை. கரணையைக் கீழே வைக்கக் குனிந்தார்.

டொக். டொக். டொக்.

மெல்லிய சத்தம். சின்ன விரல்முட்டியின் சத்தம். ஈரம் இருந்த இடத்தில், ஏழு வயதுப் பிள்ளையின் நெஞ்சுயரத்தில்.

இந்தச் சத்தத்தை அவர் முன்பே கேட்டிருக்கிறார். பதினோரு நாளுக்கு முன்னால், கல்லறைத் தோட்டத்தில். பேதியில் போன உடம்பு, சீக்கிரம் சீக்கிரம் என்று எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். இசக்கியப்பன்தான் சுண்ணாம்பு கொண்டுவந்து பெட்டிக்குள் கொட்டினார். மூடி போட்டதும், கை பழகிய பழக்கத்தில், கரணைப் பிடியால் மூடியை மூன்று தட்டினார். பிறகு தலையை நிமிர்த்தி நேசையாவைப் பார்த்தார்.

பெட்டிக்குள்ளிருந்து திரும்பி வந்த மூன்று தட்டு நேசையாவுக்குக் கேட்டது நிஜம். ஆனால் அது காதோடு நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை. நாக்கும் பழகிய பழக்கத்தில் பேசியது.

"ஆள் இல்ல. மூடும்."

அதற்கப்புறம் அவர் அதை நினைக்கவே இல்லை. நினைக்காமல் இருப்பதற்காகத்தான் மூன்றாம் நாளே வேலைக்கு வந்தார்.

இப்போது கடப்பாரையை எடுத்தார். குத்தினார். சாந்து களிமண்ணாக உதிர்ந்தது. ஒரு செங்கல் விழுந்தது. இன்னொன்று. கல்லும் சாந்தும் திணித்து நிறைத்த சுவர் அது, அவர் கண் முன்னால் நிறைத்தது. உள்ளே இருட்டுதான் இருந்தது. வெறும் இருட்டு.

கையை விட்டார். மணிக்கட்டு. முழங்கை. தோள்.

ஏதோ அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தது.

சின்னக் கை. வழவழவென்று, சுண்ணாம்புச் சூட்டோடு. கடைத்தெருவில் கூட வரும்போது பிடிப்பாளே, அந்தப் பிடி. நேசையாவின் கைக்குப் பதினோரு நாள் கழித்து உணர்ச்சி வந்தது. தோல் எரிந்தது. முதலில் சந்தோஷம் வந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

"பிள்ளே," என்றார்.

பிடி இறுகியது.

வாசலில் நிழல் விழுந்தது. இசக்கியப்பன். சாந்துச் சட்டி கையில் இருந்தது. உடைந்த சுவரையும் அதற்குள் தோள்வரை போயிருந்த கையையும் பார்த்தார். சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அய்யா. உள்ள ஆள் உண்டா?"

உள்ளிருந்து, இன்னொரு கையால், மூன்று தட்டு.

இசக்கியப்பனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "அன்னைக்கு எனக்கும் கேட்டுது அய்யா," என்றார். "நீங்க சொல்லுவீயன்னுதான் உங்க மொகத்தப் பாத்தேன்."

உண்டு என்று ஒரு சொல். சொன்னால் அன்றைக்கும் உண்டு என்றாகிவிடும். சாரம்மாளிடம் சொல்ல வேண்டும். நேசையா வாயைத் திறந்தார். நாக்கு மரத்துக் கிடந்தது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஆள் இல்ல. மூடும்."

"கைய எடுங்கய்யா."

நேசையா எடுக்கவில்லை. எடுக்க முடியாதா, எடுக்க மனமில்லையா, அவருக்கே தெரியவில்லை.

"மூடும் வே."

இசக்கியப்பன் அழுதார். அழுதுகொண்டே கரணையைத் தேடி எடுத்தார். ஈரச் சாந்து நேசையாவின் தோளைச் சுற்றி அப்பியது. முதல் செங்கல் அமர்ந்தது. உள்ளே, சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக அவர் கையில் மேலே ஏறி வந்தன.