கூப்பிட்ட பெயருக்கெல்லாம்

செயலி செய்யும் ஒவ்வொன்றும் வரிவரியாக விழும் பதிவுத் திரையில் "நிமிர்" என்று ஒரு வரி வந்திருந்தது. அதன் கீழேயே "ஆயிற்று" என்று பதில். ரவுதா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அப்படி ஒரு வேலையை அவள் அந்தச் செயலிக்குள் எழுதவே இல்லை.

அது குழந்தைகளுக்கான உடற்பயிற்சிச் செயலி. அதில் ஆடிப் பாடும் மஞ்சள் குருவி வெறும் இணையப் பக்கம்தான். பக்கத்துக்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. போன் பேச வேண்டும், அதிர வேண்டும் என்றால் பக்கம் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடும்; செயலிக்குள் அந்தப் பெயரில் ரவுதா எழுதிவைத்த வேலை நடக்கும். நடுவில் இருக்கும் அந்த வழிக்குப் பாலம் என்று பெயர். பக்கம் வரைகிறவர்கள் தினமும் புதுப்புது வேலை கேட்டு உயிரை எடுத்ததில், ஒரு நாள் கடுப்பாகி, எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் தேடிப் பிடித்து இயக்கு என்று ஒரே வரியில் எழுதித் தொலைத்தாள். எங்கே தேடக் கூடாது என்று எழுதவில்லை. நோன்பு வயிற்றோடு எழுதிய வரி அது.

கூட வேலை செய்யும் நௌஃபல் பையைத் தோளில் மாட்டியபடி அவள் மேசையருகே நின்றான்.

"இன்னும் கிளம்பலையா நீ? பாங்கு சொல்லப் போறாங்க. அப்புறம் டாக்சிக்காரன் உனக்காக ஷொர்பா சூப்ப பாதியில விட்டுட்டு வருவானாக்கும்."

"நௌஃபல், 'நிமிர்'னு ஏதாவது எழுதிவச்சியா?"

"பசி தலைக்கேறிடுச்சு உனக்கு. நான் எழுதி எது உடனே ஓடியிருக்கு?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். லிஃப்ட் முனகிக்கொண்டு கீழே இறங்கியது. ரமலானில் துனிஸ் நகரம் இந்த வேளையில் காலியாவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய, கடைகளின் இரும்புக் கதவுகள் தடதடவென்று இறங்க, எதிர்க்கட்டிடத்தின் ஜன்னல்களிலிருந்து ப்ரீக் பலகாரம் பொரியும் எண்ணெய் வாசனை மட்டும் மிதந்து வந்து வெறும் மேசைகளின் மேல் படியும். இன்று ஏனோ அந்த வாசனை குமட்டியது.

"எழுந்திரு." "ஆயிற்று."

எந்தப் போனிலிருந்து வருகிறது என்று பார்த்தாள். அவளுடைய பழைய போன். புதுப் பக்கங்களை மகள் சிரினிடம்தான் அவள் ஆடிப் பார்க்கச் சொல்வாள்; கீழே போடாமலிருக்க அதற்கு வார் கட்டிக் குழந்தையின் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தாள். சிரினின் அப்பா கப்பல் வேலையில். பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு வசீலா அம்மாள் இந்நேரம் தன் வீட்டு மேசையை அடுக்கப் போயிருப்பாள். நான்காம் மாடியில் குழந்தை தனியாக இருக்கும்.

சோதனைக்கென்று, தன் மேசையிலிருந்தே அந்தப் போனுக்குள் கைவிட ஒரு வழி வைத்திருந்தாள். அதன் மைக்கையும் ஒலிபெருக்கியையும் திறந்தாள். தொலைக்காட்சியில் யாரோ ஓதும் குரல். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல். எல்லாவற்றுக்கும் மேலே, மிக அருகே, சீரான மூச்சு.

"நட."

தரை ஓட்டில் வெறுங்கால்கள் பதிந்தன. ஒரே அளவாக. சிரின் இப்படி நடக்கிறவள் இல்லை. வீட்டுக்குள் அவள் ஓடத்தான் செய்வாள்.

"சிரின்! எங்கடி போற? அம்மா பேசறேன், நில்லு!"

"ஆயிற்று," என்றது மகளின் குரல். அதில் மகள் இல்லை. பக்கம் கூப்பிட்ட வேலையைப் பாலம் அவளுக்குள் தேடிப் பிடித்திருந்தது.

"திற."

பால்கனியின் மரக்கதவு கிறீச்சிட்டது. காற்று மைக்கில் மோதியது.

ரவுதா பாலத்தைப் பிய்த்து எறிந்தாள். இரண்டு வரி, ஒரு பொத்தான். ஆனால் ஏற்கனவே திறந்திருக்கும் பக்கத்துக்கு அது தெரியாது. புதிதாக ஏற்றும்வரை பக்கம் பழைய பாலத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவள், பதற்றத்தில் அவளே மறந்துபோனாள்.

"ஏறு." "ஆயிற்று."

"தாண்டு." "ஆயிற்று."

பக்கத்தைப் புதிதாக ஏற்றினாள். பதிவுத் திரை வெறுமையானது. மேசையில் தலை சாய்த்து, அல்லாவே, அல்லாவே என்று அழுதாள்.

"அம்மா?"

சிரினின் குரல். அவளுடைய குரலேதான்.

"என் தங்கமே! ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல. உள்ள போ."

"அம்மா, நான் கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கறேன்."

"என்னது?"

"எப்படி வந்தேன்னு தெரியல. காலு வைக்க இடமில்லம்மா. கீழ ரோடு தெரியுது."

"கம்பியப் பிடிச்சுக்கோ! கெட்டியா! கீழ பாக்காத. கால மேல தூக்கி வை."

"எட்டல. கை வழுக்குதும்மா."

வசீலா அம்மாளின் வீட்டுக்குப் போன் போட்டாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அப்போது பாங்கு எழுந்தது, ஒரு மினாராவிலிருந்து, பிறகு எல்லாவற்றிலிருந்தும். ஊரே மேசையில் குனிந்த நேரம். தெருவில் ஒரு ஆள் இல்லை. குழந்தையின் அலறல் அதற்குள் மூழ்கியது.

ஏற வைத்தது அந்தப் பாலம்தான். இறக்கவும் அதனால்தான் முடியும்.

பாலத்தைத் திரும்பப் போட்டாள். பக்கத்தைப் புதிதாக ஏற்றினாள். அலறல் கத்தரித்தாற்போல் நின்றது.

அந்தச் சோதனை வழியில் "பிடி" என்று அடித்தாள்.

"ஆயிற்று," என்றாள் சிரின், அமைதியாக.

ரவுதாவின் விரல் "ஏறு" என்பதன் முதல் எழுத்துக்குப் போனது. அதற்குள் திரையில் இன்னொரு வரி.

"விடு."

"ஆயிற்று." ஒரு கை கம்பியிலிருந்து நழுவும் சத்தம்.

"பிடி!"

"ஆயிற்று."

"விடு."

"பிடி."

"விடு."

வேறு எதையும் அடிக்கப் பக்கம் நேரம் தரவில்லை. எதிர்க்கட்டிடத்தில் கரண்டிகள் கிண்ணங்களைத் தொட்டன, யாரோ சிரித்தார்கள், பேரீச்சம்பழத் தட்டு கை மாறியது. இருட்டிக்கொண்டு வந்த அறையில் விளக்குப் போடக்கூட எழ முடியாமல், ரவுதா ஒரே சொல்லை அடித்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. ஒவ்வொரு முறையும் மகள் பதில் சொன்னாள், அவளுக்கும், அதற்கும்.